வண்டியின் அடிவயிறு

பெற்றவர்கள் வைத்த பெயர் என்று அவருக்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் அதைக் கேட்டபோது, பதினெட்டு வருஷம் பக்கத்துக் கடைக்காரனான எனக்கே சட்டென்று வாயில் வரவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் பாதாளம்தான். "பாதாளம் இருக்காரா?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் தரையைக் காட்டுவேன். ஐந்தடி ஆழத்தில் ஆள் நிற்கிற அகலத்துக்கு வெட்டி, சுவரெல்லாம் கிரீஸ் ஏறிய குழி. மேலே வண்டி நிற்கும். கீழே கைவிளக்கு வெளிச்சத்தில் அவருடைய வழுக்கைத் தலை தெரியும். "மேல் உலகத்துல எல்லாரும் சவுக்கியமா?" என்பார், ஸ்பேனரை நிறுத்தாமல்.

என்னுடையது பஞ்சர் கடை. அவர் வேலை வண்டிகளின் அடிப்பக்கம் மட்டும். மேட்டில் தட்டியது, கல்லில் உரசியது, நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது என்று வயிறு கிழிந்து வருகிற வண்டிகளைக் குழிமேல் நிறுத்தி, முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவார். காய்ந்ததும் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு இரும்பு வெளுக்கும்வரை தேய்ப்பார். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி, ஓட்டையை வெல்டு வைத்து அடைத்து, பிரைமர் அடித்து, கடைசியில் ரப்பர் மாதிரி இழுபடுகிற கறுப்புப் பூச்சைப் பூசுவார். யாரும் குனிந்து பார்க்காத இடத்துக்கு அவ்வளவு பாடு. கேட்டால், தண்ணி பார்க்கும் என்பார்.

அடிப்பக்கத்தை அவர் படிப்பார் என்று சொல்ல வேண்டும். வண்டிக்காரர்கள் வந்து சொல்கிற கதை ஒன்றாகவும், வண்டி சொல்வது வேறாகவும் இருக்கும். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், யாரோ எதிரே வந்து விட்டதால் மேட்டில் ஏற்றிவிட்டேன் என்று பத்து நிமிஷம் நடித்துக் காட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், கோடு எல்லாம் பின்னாலேருந்து முன்னால போகுது. ரிவர்ஸ்ல எதிரே யார் வந்தாங்க?" என்றார் பாதாளம். வாத்தியார் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

இப்படிச் சிரிக்கவைக்கிற மனிதரிடம் எங்களுக்கு ஒரு பயமும் இருந்தது. கோபம் வந்தால் கை நீண்டுவிடும். பத்தொன்பது வயதிலேயே, தன்னைப் பெற்ற அப்பாவின் கையை டயர் கழற்றுகிற இரும்பு லிவரால் அடித்து ஒடித்தவர். அப்பா குடித்துவிட்டு அம்மாவின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தாராம். எலும்பு முறிந்த சத்தம் தனக்குக் கேட்டது என்று ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரு போல்ட் இறுகிப்போய் முறிந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் பெண்டாட்டியையும் அடித்திருக்கிறார். ஒரே ஒரு அறை. அண்ணி என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன்; சீருடை தைக்கிற தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். கையிலிருந்த துணி வெட்டும் கத்தரிக்கோலைப் புருஷனின் முன்னங்கையில் இறக்கிவிட்டார். ஏழு தையல். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடிகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றுவிட்டு, "இன்னொரு தடவை கை ஓங்கினா தைக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது" என்று சொன்னாராம். அதற்குப் பிறகு பாதாளம் வீட்டில் கை ஓங்கியதில்லை. தெருவில் ஓங்கியிருக்கிறார். ஒரு லாரி டிரைவரின் இரண்டு பற்களும், எதிர்ச்சாரியில் வண்டியைத் தூக்கும் லிப்ட் வைத்துத் தொழில் செய்கிற மெக்கானிக்கின் மூக்கும் அவர் கணக்கில் உண்டு. லிப்ட்காரர் அதற்குப் பிறகு அவரோடு பேசியதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். அப்பாவின் மூக்கு, அம்மாவின் வாய். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு மெஷின் விற்கிற ஒருவனை அவளே விரும்பிக் கட்டிக்கொண்டாள். சலவைச் சட்டை போட்ட, சத்தமாகப் பேசாத பையன். மாமனாருக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசுவான். பாதாளம் அவனைப் பற்றி என்னிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "கை சுத்தமா இருக்கு. நம்மள மாதிரி இல்ல."

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் இருக்கும். அதற்குள் மகள் அப்பா வீட்டுக்கு வருவது குறைந்திருந்தது. ஒரு முறை உதடு கிழிந்து வந்தாள், குளியலறையில் வழுக்கிவிட்டதாம். இன்னொரு முறை குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கத்தில் பிடித்துக்கொண்டது என்றாள். அண்ணி மகளை உற்றுப் பார்த்தாராம். மகள் பார்வையைத் திருப்பிக்கொண்டாளாம். பாதாளம் கடையில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் வருவாள், அவருக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் என்ன நடக்கும் என்று வீட்டிலிருந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மாப்பிள்ளை தன் வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். அடியில் ஏதோ இழுபடுகிற சத்தம் வருகிறது, எந்த மேட்டிலோ தட்டியிருக்கும் என்றான். வழக்கமாகப் போகிற கம்பெனி சர்வீஸில் இரண்டு நாள் ஆகுமாம், அவசரமாக வெளியூர் போக வேண்டுமாம், அதனால்தான் மாமாவிடம் வந்திருக்கிறான். பாதாளத்துக்கு வாயெல்லாம் பல். மாப்பிள்ளை முதல் தடவையாகத் தொழில் செய்கிற இடத்துக்கு வந்திருக்கிறான். நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ சொன்னார், வண்டியைக் குழிமேல் ஏற்றிவிட்டுக் கைவிளக்கோடு இறங்கினார்.

நான் இரவல் வாங்கியிருந்த ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாப்பிள்ளை வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான். குழிக்குள் வேலைச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். பாதாளம் விளக்கை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"கொஞ்சம் கீழ இறங்கி வா" என்றார்.

படியில் இறங்கி அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். சைலன்சர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது, முகத்தில் அனல் அடித்தது. டிரைவர் உட்கார்கிற பக்கம் அடிப்பாகம் சுத்தமாக இருந்தது. தொழிற்சாலையில் பூசிய பூச்சுகூட உரியவில்லை. பக்கத்து சீட்டுக்குக் கீழேதான் எல்லாம். கதவுக்கு அடியில் ஓடுகிற இரும்பு நசுங்கி மடங்கியிருந்தது. அங்கிருந்து பின்சக்கரம்வரை ஆழமான கீறல்கள். அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு கீறல் துருப்பிடித்துப் பழுப்பாகிவிட்டது, மாசக்கணக்கில் பழையது. ஒன்று மங்கியிருந்தது, அதில் சேறு அப்பியிருந்தது. ஒன்று புத்தம்புதிதாக மின்னியது, நேற்றோ முந்தாநாளோ விழுந்தது. மூன்றும் ஒரே இடத்தில், ஒரே திசையில்.

"முன்பக்கத்தைப் பாரு" என்றார். முன் பம்பருக்கு அடியில் ஒரு கீறல்கூட இல்லை.

எனக்கு விளங்கவில்லை. அவர் மெல்லிய குரலில் சொன்னார். பயந்து பிரேக் போட்டால் வண்டி மூக்கைத் தாழ்த்தும், முன்பக்கம்தான் முதலில் அடிபடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் மூக்குத் தூக்கும், பின்பக்கம் உட்காரும். இவன் கல்லைப் பார்த்த பிறகு மிதித்திருக்கிறான். தன் பக்கத்துச் சக்கரத்தைத் தார் ரோட்டில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டுப் பக்கத்தை மட்டும் உயரமான கல்வரப்பின் மேல் ஏற்றியிருக்கிறான். ஒரு தடவையென்றால் தவறு என்று விட்டுவிடலாம். மூன்று தடவை ஏற்றியிருக்கிறான்.

பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள் என்று நாங்கள் இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

போன் பேசி முடித்துவிட்டு மாப்பிள்ளை வந்தான். வண்டியின் மூக்குக்கு முன்னால் குழி மூன்றடி திறந்து கிடக்கும். அங்கே விளிம்பில் வந்து நின்றான். பளபளவென்ற அவன் ஷூக்கள் எங்கள் கண்ணுக்கு நேரே இருந்தன. சரியாகிவிடுமா என்று கேட்டான்.

"மாப்பிள்ளை, கல்லைப் பார்த்ததும் ஏன் மிதிச்சீங்க?"

எங்கள் பக்கம் குனிந்து பார்த்தான். நான் நிற்பதையும் பார்த்தான். எதையாவது சொல்லி மழுப்புவான் என்று நினைத்தேன், அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். அவன் சிரித்துக்கொண்டே, ஆம்பளைகளுக்குள் பேசிக்கொள்கிற குரலில் சொன்னான்.

"ரொம்பப் பேசறா மாமா. நான் மேல கை வைக்கிற ஆள் இல்ல. வண்டியில கொஞ்சம் பயம் காட்டினா அடங்கிடுவா. உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்று நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

பாதாளத்தின் கை மேலே போனது. அவன் கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பு. அவன் மல்லாந்து விழுந்து, பின்மண்டை சிமெண்ட் தரையில் மோதி, அப்படியே சறுக்கிக்கொண்டு குழிக்குள் வந்தான். வருகிற வழியில் முகவாய் பம்பரின் அடி விளிம்பில் இடித்தது. பல் தெறித்து என் சட்டையில் பட்டது. இரண்டு பேர் நிற்கவே இடம் பற்றாத குழியில் மூன்று பேர். அவர் அவனைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, தலையால் அவன் மூக்கில் மோதினார். அவன் மடங்கினான். விழவிடாமல் முழங்காலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு விலாவில் குத்தினார். ஒரே இடத்தில், ஆணி அறைவது போல, நிதானமாக. அவர் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். முழங்கை என் வாயில் விழுந்தது. கண் இருட்டிவிட்டது.

மறுபடி பார்த்தபோது அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, முகத்தை வண்டியின் அடிப்பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். "பாரு. நல்லாப் பாரு. படி" என்று அந்த மூன்று கீறல்களையும் காட்டினார். அப்புறம் அவன் கன்னத்தைச் சைலன்சரில் வைத்து அழுத்தினார். சதை சுடுகிற வாசனை வந்தது. அந்த அலறலைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அவன் கையை வீசினான். அந்தக் கையை அவர் பிடித்து, படியின் விளிம்பில் வைத்து, மேலே ஏறி மிதித்தார்.

எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

அவர் திரும்பிப் பெரிய ஸ்பேனரை எடுத்தார். அதை எடுத்த விதத்தைப் பார்த்ததும், இனி இவன் உயிரோடு மேலே வரமாட்டான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. படியோரம் டயர் லிவர் கிடந்தது. எடுத்து அவர் தோளில் ஓங்கி அடித்தேன். அவர் நிற்கவில்லை. இன்னொன்று வைத்தேன், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது. என் ஆயுளில் நான் ஒரு மனிதனை அடித்தது அன்றைக்கு மட்டும்தான். அதுவும் எனக்கு டீ வாங்கித் தராத நாளே இல்லாத ஒரு மனிதரை.

அவர் என்னைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. கீழே மாப்பிள்ளை அம்மா அம்மா என்று முனகிக்கொண்டிருந்தான். அவன் கால்சட்டை நனைந்திருந்தது. பாதாளம் படியேறி மேலே போய், குழாயில் கை கழுவினார். சோப்புப் போட்டு, நகக்கண்வரைக்கும் தேய்த்துக் கழுவினார். "ஆம்புலன்சைக் கூப்பிடு. அப்படியே போலீசையும் கூப்பிட்டுடு" என்றார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளைக்காகச் சொன்ன டீ அப்போதுதான் வந்தது. டீக்கடைக்காரர் குழியை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளாஸை அப்படியே கீழே போட்டார்.

ஆம்புலன்ஸ் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனது. எக்ஸ்ரே அறையில் அன்றைக்கு டியூட்டி மகளுக்கு. ஸ்டிரெச்சரில் முகம் வீங்கி, கன்னம் வெந்து கிடந்த ஆளை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லையாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். வேறு ஆளைப் போடுகிறேன் என்று நர்ஸ் சொன்னதற்கு, வேண்டாம் என்றுவிட்டு அவளே படம் எடுத்திருக்கிறாள். கையை ஒரு படம், விலாவை ஒரு படம், மண்டையை இரண்டு படம். அசைந்தால் படம் கலங்கிவிடும் என்று அவனை ஒழுங்காகப் படுக்கவைத்து எடுத்தாளாம். ஒன்றுகூடக் கலங்கவில்லை என்று பிறகு அந்த நர்ஸே சொன்னார்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி உடையிலேயே ஸ்டேஷனுக்கு வந்தாள். வாக்குமூலம் கொடுக்க நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு. அண்ணியும் தொழிற்சாலையிலிருந்து வந்து சுவரோரம் நின்றிருந்தார். மகள் நேராக லாக்கப் கம்பிக்கு முன்னால் போய் நின்றாள். பாதாளம் எழுந்து வந்தார். அவள் அழுவாள், தான் தேற்றவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கம்பி வழியாகக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தொடவில்லை.

"உங்களை யாருப்பா அடிக்கச் சொன்னது?"

நீட்டிய கையை அவர் கம்பிக்கு உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதி போறதா இருந்தேன். வேற ஊர்ல வேலை வாங்கிட்டேன். தங்க இடம் பார்த்துட்டேன். விலா எலும்பு விரிசல் விட்ட படம் ரெண்டு எடுத்து, தேதி போட்டு லாக்கர்ல வெச்சிருக்கேன். ஒரு வருஷமா மூச்சுவிடாம ஒவ்வொண்ணா சேர்த்தேன். இப்ப அவன் நோயாளி. நான் ரவுடி பொண்ணு."

"வண்டிக்கு அடியில பார்த்தேன்மா" என்றார். "பார்த்ததுக்கப்புறம்…"

"நான் வண்டிக்குள்ள இருந்தேன்பா" என்றாள்.

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த ஸ்டேஷன் ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் பேனாவைப் பார்த்தார். அண்ணி வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனார். புருஷனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் சொன்னதுதான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வக்கீல் வைத்தார்கள். கட்டுப் போட்ட முகத்தோடு அவன் கோர்ட்டுக்கு வரும்போது பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். மருமகனைக் குழியில் தள்ளிச் சூடு வைத்த மாமனாரைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அவள் கொடுத்த புகாரை, அப்பாவைக் காப்பாற்றுவதற்காக ஜோடித்தது என்றார்கள். எக்ஸ்ரே படங்களை அவளே எடுத்தது என்பதால், அதற்கும் ஒரு நொட்டை சொன்னார்கள்.

வண்டியின் அடிப்பக்கத்தைப் பற்றி யாராவது கோர்ட்டில் சொல்லவேண்டும். பாதாளம் சொன்னால் எடுபடாது, அவர் குற்றவாளி. எனக்குப் பஞ்சர் தவிர ஒன்றும் தெரியாது. மகள் நேராக எதிர்ச்சாரிக்குப் போய் லிப்ட்காரரைக் கேட்டாள். அவர் வளைந்துபோன தன் மூக்கை ஒரு தடவை தடவிக்கொண்டாராம். ஸ்டேஷன் வளாகத்தில் கிடந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, கோர்ட்டில் கூண்டு ஏறிச் சொன்னார். மூன்று கீறலின் வயதையும் சொன்னார். முன்பக்கம் ஏன் சுத்தமாக இருக்கிறது என்பதை, நீதிபதி மேஜைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்து நகர்த்திக் காட்டினார். உங்களுக்கும் அந்த மாமனாருக்கும் பழக்கம் உண்டா என்று எதிர் வக்கீல் கேட்டார். "என் மூக்கை உடைச்சவர். வெளிய பார்த்தா பேசமாட்டேன். ஆனா கோடு கோடுதான் சார்" என்றார் லிப்ட்காரர்.

நானும் கூண்டு ஏறினேன், இரண்டு வழக்கிலும். மகள் வழக்கில், மாப்பிள்ளை குழி விளிம்பில் நின்று சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பாதாளத்தின் வழக்கில், அவர் சைலன்சரில் வைத்து அழுத்தியதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லும்போது அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சரி என்பது போல.

அவளுக்கு விவாகரத்து கிடைத்தது. அவனுக்கு ஒரு வருஷம் உள்ளே. பாதாளத்துக்கு மூன்று வருஷம். சிறையில் முதல் மாசமே யாரோ தகரத் தட்டால் காதில் அடித்து, ஒரு காது கேட்காமல் போனது. அவரைப் பார்க்கப் போனபோது, திருப்பி அடித்தாரா என்று கேட்டேன். இல்லை என்றார். அண்ணி மாசம் ஒரு தடவை போய்ப் பார்த்தார், துணி கொடுத்தார், வந்தார். மகள் அந்த மூன்று வருஷமும் போகவில்லை.

வெளியே வந்தபோது அவருடைய குழியை மூடி அங்கே ஒரு பேட்டரிக் கடை வந்திருந்தது. லிப்ட்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இப்போது அவரிடம்தான் வேலை. முதல் நாள் வண்டி தலைக்கு மேலே உயர்ந்ததைப் பார்த்து, கழுத்து வலிக்குது என்றார். லிப்ட்காரர் சிரித்தார். இரண்டு பேரும் அதற்குமேல் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

மகள் அந்த வேறு ஊரில்தான் இருக்கிறாள். எக்ஸ்ரே பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. பழையதைப் பற்றி அப்பாவிடம் அவள் பேசியதே இல்லை. மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அண்ணியைக் கேட்டால், அதெல்லாம் அவ இஷ்டம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாதாளம் போன் போட்டு, கேட்கிற காதில் வைத்துக்கொண்டு, "வரலாமாம்மா?" என்று கேட்பார். சில ஞாயிறு வாங்கப்பா என்பாள். உடனே சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். சில ஞாயிறு வேண்டாம் என்பாள்.

போன வாரம் வேண்டாம் என்றுவிட்டாள். டியூட்டியாம். சரிம்மா என்று வைத்துவிட்டு, என் கடைக்கு வந்து, ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். குமிழி வந்த இடத்தை எனக்கு முன்னால் அவர்தான் பார்த்து விரலை வைத்தார்.